கல்லில் வரைந்த நிலப்படம்: கழுகுமலைக் கல்வெட்டுகளும் கணினி வரைபடமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு தணிந்து சமவெளி தொடங்கும் இடத்தில், தென்காசிக்கும் புளியங்குடிக்கும் நடுவே அமைந்த ஊர் கடையநல்லூர். அதற்குக் கிழக்கே, சற்றே வடக்கு சாய்ந்து, வான்வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கழுகுமலை நிற்கிறது. இடையில் சங்கரன்கோவில். தெற்கே பொதிகை மலைத்தொடர். தென்மேற்கே சேரநாட்டுக்குச் செல்லும் செங்கோட்டை, ஆரியங்காவுக் கணவாய். ஒரு பகலில் வண்டியில் சுற்றி வந்துவிடக்கூடிய இச்சிறு நிலப்பரப்பு, தமிழ்ச் சமண வரலாற்றில் பெற்றிருக்கும் இடம் மிகப் பெரிது.

இன்று தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம், காஞ்சிபுரம் ஆகிய வடபகுதிகளிலேயே வாழ்கின்றன. தென்பாண்டி நாடு நம் இல்லங்களில் அரிதாகவே பேசப்படுகிறது. யாத்திரை செல்வோர் கழுகுமலையைக் கண்டு வணங்கித் திரும்புகின்றனர். அம்மலையில் திருமேனி செய்வித்த மக்கள் எந்தெந்த ஊரினர், அவர்களுடைய குரவர் எந்த வழியாக நடந்து வந்தனர், அவ்வூர்கள் இன்று எப்பெயரால் வழங்குகின்றன என்னும் வினாக்கள் எழுவதில்லை. இவ்வினாக்களுக்கு விடை காணும் கருவிகளுள் ஒன்றாகக் கணினி நிலப்படக் கலை வளர்ந்திருக்கிறது. பழைய நிலப்படங்களையும், நிலப்படத்துக்கு ஒப்பான பழைய எழுத்துகளையும், இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மீது பொருத்திப் படிக்கும் முறை அது.

தாலமியின் படத்தில் பொதிகை

இடைக்கால நிலப்படங்களுள் நம் பகுதியைக் காட்டுபவை மிகச் சில. அவற்றுள் தலையாயது தாலமியின் படம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த தாலமி, தாம் அறிந்த உலகின் ஏறத்தாழ 8,000 இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை எழுதிவைத்தார். அவர் காலத்துப் படம் எதுவும் எஞ்சவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பைசாந்தியத் துறவி மாக்சிமோஸ் பிளனுதேஸ் அந்நூலைத் தேடிக் கண்டெடுத்த பின்னரே, அவ்வளவுகளைக் கொண்டு வரையப்பட்ட படங்கள் சுவடிகளில் பரவின. ஆகவே, இன்று நாம் காணும் தாலமியின் இந்தியப் படம் பழங்காலத்துச் செய்தியைத் தாங்கிய இடைக்காலப் படமே ஆகும்.

அப்படத்தில் பெத்திகோ என்றொரு மலை உண்டு. அது பொதிகை. அதிலிருந்து இறங்கும் சோலேன் ஆறு தாமிரபரணி. கொல்கோய் கொற்கை, கோமாரியா குமரி, கொத்தியாரா இன்றைய நாகர்கோவிலைச் சேர்ந்த கோட்டாறு, ஆயோய் எனப்பட்டோர் பொதிகையை ஆண்ட ஆய் குடியினர். 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் முதலானோர் இவ்வடையாளங்களைச் சொல்லொப்புமை கொண்டு நிறுவினர். ஆனால் படத்தின் உருவமோ விந்தையானது. இந்தியத் தீபகற்பம் தெற்கே நீளாமல் தட்டையாய்ப் பரந்து கிடக்க, இலங்கை ஒரு கண்டம்போல் பெருத்து நிற்கிறது.

பிழைபட்ட படம் என்று இதை ஒதுக்கிவிடலாம். கணினிக் கருவிகள் அவ்வாறு ஒதுக்குவதில்லை; பிழையையே அளக்கின்றன. பழைய படத்திலும் இன்றைய படத்திலும் ஐயமின்றி ஒன்றெனத் தெரிந்த இடங்களைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகக் கொண்டு, ஒன்றின் மேல் மற்றொன்றை நீட்டியும் சுருக்கியும் பொருத்துவர். எங்கு எவ்வளவு நீட்ட நேர்ந்தது என்பதே ஆராய்ச்சிக்குரிய செய்தி. ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். தாலமி குமரிக்குத் தரும் அட்சரேகை 13 பாகை 30 கலை. மதுரைக்குத் தருவது 16 பாகை 20 கலை. வேறுபாடு 2 பாகை 50 கலை. உண்மையில் குமரி 8 பாகை 5 கலையிலும் மதுரை 9 பாகை 55 கலையிலும் உள்ளன. வேறுபாடு 1 பாகை 50 கலை மட்டுமே. கிழக்கு மேற்கில் விலகல் இன்னும் பெரிது. அவர் கணக்கில் மதுரை குமரிக்கு 3 பாகை 15 கலை கிழக்கே உள்ளது. உண்மை அளவு அரைப் பாகைக்குச் சற்று மேல். ஏறத்தாழ ஆறு மடங்கு மிகை!

இம்மிகைக்குக் காரணங்கள் உண்டு. ஒரு பாகைக்கு 500 ஸ்தாதியம் என அவர் கொண்டார். அவருக்கு முந்திய எரத்தோஸ்தனீசு கொண்டது 700. பாகை சிறுத்தால், கேட்டறிந்த தொலைவுகள் பாகைக் கணக்கில் பெருத்துவிடும். மேலும், கரை வளைவதை உணராமல் கடலோடிகள் சொன்ன நாட்கணக்கை அவர் கிழக்கு நோக்கியே நீட்டினார். தாலமி இந்தியாவுக்கு வந்தவர் அல்லர், வந்தவர்களைக் கேட்டவர். படத்தின் கோணல், அவர் செய்தி பெற்ற வழியைக் காட்டிக்கொடுக்கிறது. துறைமுகங்கள் செறிந்தும் உள்நாடு வெறுமையாகவும் இருப்பது அதனாலேயே.

இங்கிலாந்தின் பொத்லியன் நூலகத்தில் உள்ள கோஃப் நிலப்படம் இத்தகைய ஆய்வுக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இடைக்காலப் பிரித்தானியாவைக் காட்டும் அத்தோற்படத்தைக் கணினியில் ஏற்றி, ஊர்தோறும் விலகலை அளந்து, எப்பகுதியை வரைந்தவர் நன்கறிந்திருந்தார், எப்பகுதியைக் கேள்வியால் வரைந்தார் எனப் பிரித்தறிய முயன்றனர். பழைய படங்களின் விலகலை வலைக்கோடுகளாகக் காட்டுவதற்கெனவே மேப்அனலிஸ்ட் என்னும் இலவச மென்பொருள் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்டுள்ளது.

ஜம்புத்தீவத்தை அளக்கலாமா?

சமணர்க்கும் நிலப்பட மரபு உண்டு என்பதை நாம் நன்கறிவோம். மேற்கிந்தியாவில் 15ஆம் நூற்றாண்டு முதல் துணியில் தீட்டப்பட்ட இரண்டரைத் தீவப் படங்கள் உலகின் பல அருங்காட்சியகங்களில் உள்ளன. நடுவே மேரு, அதைச் சூழ்ந்து ஒரு லட்சம் யோசனை விட்டமுள்ள ஜம்புத்தீவம், பின்னர் லவண சமுத்திரம், தாதகி கண்டம், காலோததி, புஷ்கரார்த்தம் என வளையம் வளையமாக விரிந்து, 45 லட்சம் யோசனையில் மனுஷ்ய லோகம் முடிகிறது. நம் ஆலயங்களில் 52 ஜினாலயங்களோடு உலோகத்தில் வார்க்கப்பட்ட நந்தீசுவர தீபமும், போளூரை அடுத்த திருமலை ஆலயத்தில் வட்டமாகத் தீட்டப்பட்ட சமவசரணமும் இம்மரபோடு உறவுடையனவே.

இவற்றை இன்றைய நிலவுருண்டையின் மீது பொருத்திக் காட்ட அவ்வப்போது சிலர் முயல்கின்றனர். அது பயனற்ற உழைப்பு. கட்டுப்பாட்டுப் புள்ளியாகக் கொள்ளத்தக்க ஊர் ஒன்றும் அப்படங்களில் இல்லை. அவை வழி காட்ட வரையப்பட்டவை அல்ல; உயிர் பிறந்து உழலும் உலகின் அமைப்பைத் தியானிக்க வரையப்பட்டவை. ஆயினும் அவற்றுள் கணக்கு இல்லை என்று எண்ணுதல் தவறு. பரத கண்டத்தின் அகலம் 526 யோசனையும் ஒரு யோசனையில் 19இல் 6 பங்கும் என்பர். இஃது ஒரு லட்சத்தை 190ஆல் வகுத்த ஈவு. பரதம் 1 பங்கு, இமவான் 2, ஹைமவதம் 4, மகாஇமவான் 8 என விதேகம் வரை இரட்டித்து 64 ஆகி, மீண்டும் அவ்வாறே ஐராவதம் வரை பாதி பாதியாகக் குறைந்தால் கூட்டுத்தொகை 190 வருவதைப் பள்ளிப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கலாம். அந்த அளவில் வரைந்தால் பரத கண்டம் மயிரிழையாகிவிடும் என்பதால் ஓவியர் அதை வேண்டுமென்றே பெரிதாக்கினர். எவ்வளவு பெரிதாக்கினர் என்பதைக் கணினி கொண்டு அளந்து, ஓவியப் பள்ளிகளை வேறுபடுத்தலாம். அந்தத் துணியில் கருவி செய்யத்தக்க பணி அவ்வளவே.

சொல்லால் இட்ட எல்லை

அவ்வாறாயின், இடைக்காலத் தமிழகத்தின் நிலப்படம் எங்கே உள்ளது? துணியிலோ ஓலையிலோ கோடிட்ட படமாக அது நமக்குக் கிட்டவில்லை. கல்லிலும் செம்பிலும் சொல்லாகக் கிடைக்கிறது.

ஒரு நிலம் தானமாக வழங்கப்பட்டபோது, அதன் நான்கெல்லையும் எழுதப்பட்டது. கீழெல்லை இன்ன குளத்துக்கு மேற்கு, தென்னெல்லை இன்ன வாய்க்காலுக்கு வடக்கு எனச் சொல்லிச் செல்லும் அவ்வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிலத்தைச் சுற்றி நடந்துவிடலாம். சோழர் காலத்தில் பெண்யானையை நடத்தி எல்லை வகுத்த செய்தியைச் செப்பேடுகள் சொல்கின்றன. இவ்வகையில் நமக்குப் பேரணுக்கமான சான்று பள்ளன்கோயில் செப்பேடு. பல்லவன் சிம்மவர்மன், பருத்திக்குன்றில் வாழ்ந்த வச்சிரநந்திக் குரவர்க்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்ததை அது கூறுகிறது. செப்பேடு கிடைத்ததோ திருத்துறைப்பூண்டி வட்டத்தில். அமண்சேர்க்கை இருந்ததோ வெண்குன்றக் கோட்டத்துப் பெருநகர் நாட்டில். வெண்குன்றம் வந்தவாசிக்கு அருகில் உள்ளது. பெருநகர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில் உள்ளது. இன்றைய தமிழ்ச் சமணர் வாழும் நிலத்தின் நடுவிலேயே 6ஆம் நூற்றாண்டில் அமணர் பெயரால் ஓர் ஊர் இருந்தது என்பதை, செப்பேடு கிடைத்த இடத்தை மட்டும் குறித்துக்கொள்பவர் அறியார். கிடைத்த இடம் வேறு, பேசும் இடம் வேறு. இவ்விரண்டையும் தனித்தனிப் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும் என்பது வரலாற்று நிலப்படத்தின் முதல் விதி.

இத்துறையில் தமிழகத்துக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் எ. சுப்பராயலு. ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் இன்ன நாட்டு இன்ன ஊர் என வருவனவற்றைத் திரட்டி, இன்றைய கிராமங்களோடு ஒப்பிட்டு, சோழநாட்டின் நாட்டுப் பிரிவுகளைப் படமாக வரைந்து 1973இல் நூலாக வெளியிட்டார். அது கணினி வருமுன் கையால் செய்த பணி. நாடு என்பது மன்னன் கோடு போட்டுப் பிரித்த பரப்பு அன்று. நீர்நிலையும் வேளாண்மையும் சார்ந்து தானே உருவான ஊர்த்தொகுதி என்பது அப்படங்களால் புலனாயிற்று. பின்னர் அவர் பங்கேற்புடன் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்திய வரலாற்று நிலப்படத் தொகுப்பைக் கணினியில் உருவாக்கியது. தொல்லியல் இடங்களும் கல்வெட்டு ஊர்களும் அதில் அடுக்கடுக்கான படலங்களாக ஏற்றப்பட்டன. ஒரு படலத்தை நீக்கி மற்றொன்றை இடும்போது, ஏட்டில் பல பக்கம் தள்ளியிருந்த இரு செய்திகள் நிலத்தில் அண்டை வீட்டாராக இருப்பது தெரியவரும்.

அரைமலையின் ஊர்ப்பெயர்கள்

இனிக் கழுகுமலைக்கு வருவோம். கல்வெட்டுகளில் இம்மலை அரைமலை எனவும், ஊர் திருநெச்சுரம் எனவும் குறிக்கப்படுகின்றன. மலையின் ஒருபுறம் முற்றுப்பெறாத ஒற்றைக்கல் கோயிலாகிய வெட்டுவான் கோயில். மறுபுறம் நீண்ட பாறைச் சுவரில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள். தரணேந்திரன் குடை பிடிக்கும் பார்சுவநாதர், கொடி படர்ந்த பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகை. திருமேனிகளின் கீழே வட்டெழுத்தில் சிறு சிறு வாசகங்கள். இவ்வகையில் ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் அச்சேறியுள்ளன.

கலை காண்போர் திருமேனியைப் பார்த்துவிட்டு எழுத்தைக் கடந்து செல்வது இயல்பு. அவ்வெழுத்துகள் ஒரே மாதிரியாக இருப்பதால் சலிப்பூட்டுவனபோலத் தோன்றும். இன்ன குரவரின் மாணாக்கர், இன்ன ஊரினர், செய்வித்த திருமேனி, இவ்வளவே வாசகம். ஆனால் அந்த ஒருபடித்தன்மையே கணினிக்கு உகந்தது. ஒவ்வொரு வாசகத்தையும் செய்வித்தவர், அவருடைய ஊர், ஆசிரியர், ஆசிரியரின் ஊர், யாருக்காக எனக் கட்டம் கட்டமாகப் பிரித்து அட்டவணையில் இட்டால், பாறைச் சுவர் ஒரு குடிக்கணக்குப் பதிவேடாக மாறிவிடுகிறது. ஊர்க் கட்டத்துக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் சேர்த்தால் அதுவே நிலப்படம்.

அப்பெயர்களில் சில ஐயமின்றி அறியப்பட்டவை. திருக்கோட்டாறு இன்றைய கோட்டாறு. தாலமியின் படத்தில் கொத்தியாராவாக நின்ற அதே ஊர், ஆறு நூற்றாண்டுக்குப் பின் இங்கே சமணக் குரவர்களின் ஊராக வருகிறது. திருச்சாரணம் குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கிருந்த குரத்தியர் இங்கே பேசப்படுகின்றனர். குறண்டி, அருப்புக்கோட்டைப் பக்கம் ஆவியூரை ஒட்டிய ஊர். அதன் திருக்காட்டாம்பள்ளி பாண்டிநாட்டுச் சமணத்தின் பெரும்பள்ளியாக இருந்தது. இவற்றோடு மிழலூர், நால்கூர், பேரெயிற்குடி முதலிய பெயர்கள் பல வருகின்றன. செய்வித்தோருள் தச்சரும் கொல்லரும் குயவரும் உண்டு. பெண் ஆசிரியராகிய குரத்தியரும் அவர்தம் மாணாக்கரும் இத்துணை மிகுதியாகக் காணப்படும் மலை வேறு அரிது. சித்தாந்தம் உரைத்த வைராகியர்க்கு உணவளிக்க விடப்பட்ட அறமும் இங்குப் பதிவாகியுள்ளது. ஆக, அரைமலை தவம் புரிவோர் ஒதுங்கிய தனிக்குன்றம் மட்டும் அன்று. கற்போரும் கற்பிப்போரும் பல திசையிலிருந்து வந்து கூடிய ஓர் இடம்.

எத்திசையிலிருந்து, எவ்வழியாக? இங்கேதான் புதிய கருவி தன் பயனைக் காட்டுகிறது. கழுகுமலைக்கும் சிதறாலுக்கும் நேர்கோடு இழுத்தால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வரும். அக்கோடு அம்பாசமுத்திரத்தை ஒட்டிச் சென்று, களக்காட்டு மலைக்காட்டைக் கடக்கும். வெறுந்தாளில் அக்கோடு அழகாகத்தான் இருக்கும். நடந்து செல்பவர்க்கு அது வழியாகாது. 2000ஆம் ஆண்டில் எண்டவர் விண்கலத்திலிருந்து ராடார் கொண்டு புவியின் மேடுபள்ளங்கள் அளக்கப்பட்டன. அத்தரவு இன்று எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதை கியூஜிஐஎஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் ஏற்றி, ஏற்றத்துக்கு மிகுதியாகவும் சமதரைக்குக் குறைவாகவும் முயற்சியைக் கணக்கிட்டு, இரு இடங்களுக்கிடையே எளிய நடைவழியைக் கேட்கலாம். மலையின் அமைப்பை நோக்கினாலே அவ்விடை எவ்வாறு வரக்கூடும் என்பது தெளிவு. கிழக்கே ஒதுங்கித் தாமிரபரணியைத் தாண்டி, நாங்குநேரிப் பக்கமாக இறங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து, கோட்டாறு வழியாகச் சிதறாலை அடையும் வழி அது.

அவ்வழியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வியப்பு மேலிடும். தாமிரபரணிக் கரையை அடுத்து, தமிழ்ப் பிராமி எழுத்தும் கற்படுக்கையும் உடைய மருகால்தலை. களக்காட்டுக்குக் கிழக்கே சிங்கிகுளத்துக் குன்றின்மேல் நியாயபரிபாலப் பெரும்பள்ளி. அது இன்று வேறு பெயரால் வழிபடப்படுகிறது. நாங்குநேரிக்குத் தெற்கே ஏர்வாடிப் பாறையில் அச்சணந்தி செய்வித்த திருமேனிகள். பின்னர்க் கணவாய், கோட்டாறு, சிதறால். சிதறாலிலும் அச்சணந்தியின் பெயர் உண்டு. தனித்தனி ஊர்களாகப் படித்து வந்த இவ்விடங்கள் ஒரே நடைவழியின் தங்கிடங்களாகக் கோவைப்படுகின்றன. இம்முடிவை மறுக்க முடியாத உண்மை எனக் கொள்ளுதல் கூடாது. சமவெளிப் பாதையில் சமணம் மட்டுமன்றி எல்லாமே அமைந்திருக்கும். எனினும் நேர்கோட்டை விட இது நம்பத்தக்கது.

அச்சணந்தியின் பெயரையே தனிப் படலமாக இடலாம். வடக்கே வேலூர்ப் பக்கத்து வள்ளிமலை, பழனியை அடுத்த ஐவர்மலை, உத்தமபாளையம், மதுரையைச் சூழ்ந்த ஆனைமலை, அழகர்மலை, அரிட்டாபட்டி, சமணர்மலை, தெற்கே ஏர்வாடி, சிதறால் என அவர் பெயர் விரவிக் கிடக்கிறது. ஐவர்மலையில் வரகுண பாண்டியனின் காலத்துக் கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870 என்னும் உறுதியான ஆண்டைத் தருவதால், அவ்வட்டாரத்துச் சமண மறுமலர்ச்சிக்குக் காலப்புள்ளியும் கிட்டுகிறது. குறண்டிக்கும் அவ்வாறே. அதன் அட்டோபவாசி படாரருடைய மாணாக்கர் சமணர்மலையிலும் முத்துப்பட்டியிலும் காணப்படுகின்றனர். குறண்டித் துறவியர் கழுகுமலையிலும் காணப்படுகின்றனர். ஒரு பள்ளியின் கை எவ்வளவு தொலைவு நீண்டது என்பதை இப்புள்ளிகள் ஒரு பார்வையில் உணர்த்திவிடும்.

கடையநல்லூர்ப் பக்கம் இப்படத்தில் ஏறத்தாழ வெறுமையாகவே நிற்கிறது. மதுரையிலிருந்து திருவில்லிபுத்தூர், இராசபாளையம், புளியங்குடி வழியாகத் தென்காசிக்கும் அங்கிருந்து மலை கடந்து கொல்லத்துக்கும் செல்லும் அடிவார வழி இவ்வூரைத் தொட்டே செல்கிறது. மாறஞ்சடையனின் 23ஆம் ஆட்சியாண்டுக் கழுகுமலைக் கல்வெட்டு, மலைநாட்டின்மேல் படை சென்று சடையன் கருநந்தனுடைய அரிவியூர்க் கோட்டையை அழித்த செய்தியையும், அப்போரில் மாய்ந்தவர்க்காகச் செய்த அறத்தையும் கூறுகிறது. மலைக்கு அப்பால் நடந்த போரின் துயரம் அரைமலையில் வந்து பதிவாயிற்று. கடையநல்லூருக்குக் கிழக்கே வீரசிகாமணியில் கற்படுக்கைகளுள்ள குகைத்தளம் தொல்லியல் பதிவுகளில் இடம்பெற்றுள்ளது. திருமலாபுரத்தில் பாண்டியர் குடைவரையும் பழைய ஓவிய எச்சமும் உள்ளன. அக்குடைவரை சிவன் கோயில். அடிவாரத்தின் வெறுமை உண்மையான வெறுமையா, தேடாமையால் வந்த வெறுமையா என்பது மலை மலையாக ஏறிப் பார்த்தாலன்றி விளங்காது.

பெயர் காட்டும் மயக்கம்

நிலப்படத்தில் புள்ளியிடும் ஆர்வம், இல்லாத புள்ளியை இடவும் தூண்டும். சங்கரன்கோவிலின் முழுப்பெயர் சங்கரநயினார்கோயில். நயினார் என்பது இன்று தமிழ்ச் சமணர் தம் பெயரோடு வழங்கும் பட்டம். இவ்விரண்டையும் கண்ட ஆர்வலர், அக்கோயில் பண்டு சமணருடையது என்று சொல்லிவிடத் துணிவர். அது சான்றற்ற கூற்று. நயினார் என்பது தலைவன் என்னும் பொருளில் சைவக் கோயில்களின் இறைவனுக்கும் இடைக்காலக் கல்வெட்டுகளில் பரவலாக வழங்கிய சொல். அவ்வாறே நல்லூர் என முடியும் கடையநல்லூர் போன்ற பெயர்களிலிருந்து சமயம் எதையும் கறக்க இயலாது. பள்ளி என்னும் சொல்லும் எச்சரிக்கையோடு கையாளத்தக்கது. பௌத்தர்க்கும் பள்ளி உண்டு. வெறும் ஊர் என்னும் பொருளும் அதற்கு உண்டு. பள்ளிச்சந்தம் என நிலப்பெயர் வருமாயின் அது வலிய சான்று.

ஆதலால் பயிற்சியுடையோர் புள்ளிகளை மூன்று நிறத்தில் இடுவர். கல்வெட்டும் எச்சமும் உள்ள இடம் ஒரு நிறம். பெயரும் நாடும் பொருந்தி, எச்சம் இல்லாத இடம் ஒரு நிறம். பெயரொப்புமை மட்டும் உள்ள இடம் வேறு நிறம். மிழலூரும் நால்கூரும் முதல் நிறம் பெற வேண்டுமாயின், கிராம நிலவரைபடங்களிலும் அ-பதிவேட்டிலும் உள்ள குளப்பெயர், வயற்பெயர், பொற்றைப் பெயர்களைத் தேடியாக வேண்டும். ஊர்ப்பெயர் மாறினும் வயலின் பெயர் மாறாது நிற்பது நாட்டுப்புற வழக்கம். நூறாண்டுக்கு முந்திய கிராமப் படத்தை ஒளிவருடி, குளக்கரை மூலை, கோயில், முச்சந்தி எல்லைக்கல் ஆகியவற்றைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகக் கொண்டு செயற்கைக்கோள் படத்தின் மீது விரித்தால், மறைந்த வாய்க்காலும் தூர்ந்த குளமும் தத்தம் இடத்தில் எழுந்து நிற்கும். இஸ்ரோ 2009இல் தொடங்கிய புவன் தளத்தின் படங்கள் இதற்குப் போதும்.

எல்லைக்கோட்டின் விலை

இவையெல்லாம் அறிஞர்க்குரிய விளையாட்டு எனக் கருதுவோர்க்கு அரிட்டாபட்டி விடை சொல்லும். மதுரை மேலூரை அடுத்த அவ்வூரின் மலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனியும் உள்ளன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலம் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டில், 2024இல், ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள டங்ஸ்டன் கனிமத் தொகுதி ஏலம் விடப்பட்டபோது, மரபுத் தலமும் அத்தொகுதியின் எல்லைக்குள்ளேயே விழுந்தது. ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் நடுவண் அரசு ஏலத்தைக் கைவிட்டது. மலையைக் கண்ணால் காணாதவர் எவரோ கணினித் திரையில் இட்ட கோடு அது. அத்திரையில் மலையின் பழமையும் ஒரு புள்ளியாக நின்றிருந்தால் கோடு சற்றே விலகியிருக்கக்கூடும்.

புள்ளி நிற்பது மட்டும் போதாது. சரியான இடத்தில் நிற்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளவடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. கைப்பேசியின் ஜிபிஎஸ் கொள்ளும் கோளவடிவம் வேறு. ஒன்றில் படித்த எண்ணைத் திருத்தாமல் மற்றொன்றில் இட்டால், தென்தமிழகத்தில் இடம் நூறு மீட்டருக்கும் அதிகமாக நகர்ந்துவிடும். நூறு மீட்டர் என்பது ஒரு சிறு குன்றின் முழு அகலம். குகைத்தளம் புறம்போக்கில் உள்ளதா, பட்டா நிலத்தில் உள்ளதா, கல்குவாரிக்கு விடப்பட்ட புல எண்ணில் உள்ளதா என்னும் வழக்கில் அந்த நூறு மீட்டர் தீர்ப்பையே மாற்றும். குகையின் கூரைக்கீழ் நின்று எடுக்கும் அளவு பிறழும். ஆதலால் திறந்த பாறையில் நின்று அளவெடுத்து, அங்கிருந்து குகைவாய் எத்திசையில் எத்தனை அடி என எழுதிக்கொள்வதே நன்று. அதனுடன் கிராமத்தின் பெயர், புல எண், நான்கெல்லை ஆகியவற்றையும் சேர்த்தால் பதிவு நிறைவுறும். அமண்சேர்க்கைக்கு எல்லை எழுதிய பல்லவர் காலத்து எழுத்தர் செய்ததும் ஏறத்தாழ இதுவே.

வந்தவாசி, செஞ்சிப் பக்கத்து ஊர்களில் ஆலயத் திருப்பணிக்கென ஆவணம் திரட்டும் குடும்பங்கள், தம் ஜினாலயத்தின் கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களையும் இவ்வாறே அட்டவணைப்படுத்தலாம். ஓர் ஊருக்கு ஒரு தாள் போதும். தெற்கே தேட வேண்டியவை தனி. மிழலூர் எது, பேரெயிற்குடி எது என்பனவும், வீரசிகாமணிக்கும் மலையடிவாரத்துக்கும் இடைப்பட்ட பொற்றைகளில் எவற்றில் படுக்கைகள் உள்ளன என்பதும் அவற்றுள் முதலில் வருவன.